ஹலோ போகிறது, ஃபுல் வரவில்லை

இரண்டு பக்கமும் சிஸ்கோ ஐஓஎஸ் இருந்தால், ஓஎஸ்பிஎஃப் நெய்பர் சேர்வதற்கு நாம் பெரிதாக மெனக்கெட வேண்டியதில்லை. நாம் எழுதாமல் விட்ட மதிப்புகளை இரண்டு ரவுட்டரும் ஒரே மாதிரி நிரப்பிக்கொள்ளும். ஒரு முனையில் ஐஓஎஸ் இருக்க, மறுமுனையில் ஜூனிபரின் ஜூனோஸோ, மைக்ரோடிக்கின் ரவுட்டர்ஓஎஸோ, லினக்ஸ் மேல் ஓடும் எஃப்ஆர்ஆரோ வந்துவிட்டால் நிலைமை வேறு. எழுதாமல் விட்ட இடத்தை ஒவ்வொன்றும் தன் பழக்கப்படி நிரப்பும். சில இடங்களில் நாம் எழுதிய எண்ணையே ஆளுக்கொரு பொருளில் எடுத்துக்கொள்ளும்.

இதில் ஓஎஸ்பிஎஃப் மேல் பழி இல்லை. ஜான் மாய் எழுதி 1998 ஏப்ரலில் வெளிவந்த ஆர்எஃப்சி 2328 என்ற ஆவணத்தைத்தான் இவை எல்லாமே பின்பற்றுகின்றன. கம்பியில் போகும் ஹலோ பாக்கெட்டின் ஒவ்வொரு பைட்டுக்கும் அங்கே பொருள் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த பைட்டை நிரப்பும் கான்ஃபிக் எப்படி எழுதப்பட வேண்டும் என்று அது சொல்லவில்லை. நமக்கு வரும் தலைவலியில் பெரும்பகுதி இந்த இடைவெளியில் பிறக்கிறது.

வேலைக்கு வந்த புதிதில் நான் இரண்டு ரவுட்டரின் கான்ஃபிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுவேன். ஒரே நிறுவனத்தின் கருவிகளுக்கு அது சரிப்பட்டது. கலப்பு இணைப்பில் அது நேரத்தைத் தின்றது. ஐஓஎஸ்ஸில் "ஏரியா 10" என்றும் ஜூனோஸில் "ஏரியா 0.0.0.10" என்றும் இருந்தால் கண்ணுக்கு இரண்டும் வேறு, கம்பியில் ஒன்றே. இதே இடத்தில் யாராவது "10.0.0.0" என்று எழுதிவிட்டால் கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும், கம்பியில் அது முற்றிலும் வேறு ஏரியா. ஆகவே இந்த அத்தியாயம் முழுக்க நாம் கான்ஃபிக்கை இரண்டாவதாகத்தான் பார்க்கப்போகிறோம். முதலில் கம்பி.

கம்பியில் என்ன போகிறது

லினக்ஸ் முனை இருந்தால் டிசிபிடம்ப் போதும். இன்டர்ஃபேஸ் பெயரையும் "ஐபி புரோட்டோ 89" என்ற வடிகட்டியையும் கொடுத்து, விரிவாகக் காட்டும் இரட்டை வி விருப்பத்தோடு ஓடவிடுங்கள். ஓஎஸ்பிஎஃப் டிசிபியிலோ யுடிபியிலோ ஏறிப் போவதில்லை. ஐபி மேல் நேராக, 89 என்ற புரோட்டோக்கால் எண்ணில் போகிறது. அதனால் போர்ட் எண்ணைத் தேடுவதில் பயன் இல்லை. ஜூனோஸில் "மானிட்டர் டிராஃபிக் இன்டர்ஃபேஸ்" என்ற கட்டளை இதே வேலையைச் செய்யும். மைக்ரோடிக்கில் டூல் மெனுவில் ஸ்னிஃபர் இருக்கிறது. ஐஓஎஸ்ஸில் "டீபக் ஐபி ஓஎஸ்பிஎஃப் ஹலோ", "டீபக் ஐபி ஓஎஸ்பிஎஃப் அட்ஜ்" இரண்டும் உண்டு.

ஐஓஎஸ்ஸின் அந்த டீபக்கைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. ஹலோ பொருந்தாவிட்டால் அது ஒரு வரி எழுதும். அதில் டெட், ஹலோ, மாஸ்க் என்று ஒவ்வொன்றுக்கும் ஆர் என்ற எழுத்தோடு ஒரு மதிப்பும் சி என்ற எழுத்தோடு ஒரு மதிப்பும் இருக்கும். ஆர் என்பது வந்து சேர்ந்தது, சி என்பது நம் ரவுட்டரில் இருப்பது. இரண்டும் எங்கே வேறுபடுகிறதோ அங்கேதான் கோளாறு.

ஹலோ பாக்கெட்டில் நாம் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். ஏரியா எண், ஆதென்டிகேஷன் வகை, ஹலோ இடைவெளி, டெட் இடைவெளி, நெட்வொர்க் மாஸ்க், ஸ்டப் ஏரியாவா இல்லையா என்று சொல்லும் ஈ-பிட், என்எஸ்எஸ்ஏ ஏரியாவானால் என்-பிட். இவை இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ரவுட்டர் ஐடி மட்டும் கட்டாயம் வேறாக இருக்க வேண்டும். மாஸ்க் விஷயத்தில் ஒரு விலக்கு உண்டு: பாயின்ட்-டு-பாயின்ட் வகை இணைப்பில் அதை யாரும் சரிபார்ப்பதில்லை. இந்த விலக்கு பின்னால் ஓரிடத்தில் நம்மைக் குழப்பும், நினைவில் வையுங்கள்.

ஹலோவின் கடைசியில் "நான் யார் யாரைக் கேட்டேன்" என்ற நெய்பர் பட்டியல் இருக்கும். எனக்கு அந்த பாக்கெட்டிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஓஎஸ்பிஎஃப் தலைப்பகுதி 24 பைட், ஹலோவின் நிலையான பகுதி 20 பைட், ஆக 44. கேட்ட ஒவ்வொரு நெய்பருக்கும் 4 பைட் கூடும். எதிர்முனையிலிருந்து வரும் ஹலோவில் நம் ரவுட்டர் ஐடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நம் குரல் அங்கே போய்ச் சேர்கிறது, ஏற்கவும் படுகிறது. இல்லையென்றால் வழியில் தொலைகிறது, அல்லது அங்கே போய் நிராகரிக்கப்படுகிறது. பாக்கெட்டின் மொத்த நீளத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். சிஸ்கோ எல்எல்எஸ் என்ற கூடுதல் துண்டையும் வாலில் சேர்த்து அனுப்புவது வழக்கம்.

நெய்பர் பட்டியலே காலியாக இருந்தால்

"ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்" வெறுமையாக இருக்கிறது என்றால் எதிர்முனையின் ஹலோ எதையும் இந்த ரவுட்டர் ஏற்கவில்லை என்று பொருள். முதலில் இந்த இன்டர்ஃபேஸில் ஓஎஸ்பிஎஃப் உண்மையில் ஓடுகிறதா என்று பாருங்கள். சிரிப்பு வரும் அளவுக்கு எளிய கேள்விதான், ஆனால் ஒவ்வொரு இயங்குதளமும் இதை ஒவ்வொரு விதமாகக் கேட்கிறது.

ஐஓஎஸ்ஸில் "நெட்வொர்க்" கட்டளைக்கு வைல்ட்கார்டு மாஸ்க் வேண்டும். /30 சப்நெட் என்றால் 0.0.0.3. எஃப்ஆர்ஆரின் கட்டளை பார்ப்பதற்கு சிஸ்கோ மாதிரியே இருந்தாலும் அங்கே நேராக /30 என்றே எழுத வேண்டும். எஃப்ஆர்ஆரில் இன்னொன்று: "ஈடிசி" அடைவுக்குள் இருக்கும் "டீமன்ஸ்" கோப்பில் ஓஎஸ்பிஎஃப்டி என்ற வரி ஆரம்பத்தில் "நோ" என்றுதான் இருக்கும். அதை "எஸ்" ஆக்கி எஃப்ஆர்ஆரை மறுபடி தொடங்காவிட்டால் ஓஎஸ்பிஎஃப் நிரலே ஓடாது. ஜூனோஸில் எழுதியதெல்லாம் வரைவுதான், "கமிட்" கொடுத்தால்தான் நடைமுறைக்கு வரும். சிஸ்கோவிலேயே வளர்ந்தவர்கள் முதல் வாரத்தில் இதை மறப்பார்கள். சிஸ்கோவின் ஐஓஎஸ் எக்ஸ்ஆரிலும் அப்படித்தான்.

மைக்ரோடிக்கில் பதிப்பைக் கவனியுங்கள். ரவுட்டர்ஓஎஸ் 6-இல் ஓஎஸ்பிஎஃப்புக்கு "நெட்வொர்க்" என்று ஒரு மெனு இருந்தது. 7-இல் ரவுட்டிங் பகுதியைப் புதிதாக எழுதினார்கள். இப்போது இன்ஸ்டன்ஸ், ஏரியா, இன்டர்ஃபேஸ்-டெம்ப்ளேட் என்று மூன்று அடுக்கு. பழைய குறிப்பைப் பார்த்துப் புதிய பதிப்பில் வேலை செய்பவர் தேடும் மெனு அங்கே இருக்காது. 6-இலிருந்து 7-க்கு ஏற்றிய ரவுட்டரில் கான்ஃபிக் தானாக மாற்றப்படும் என்றாலும், மாறியதை ஒரு முறை கண்ணால் பார்க்காமல் நகராதீர்கள். பேஸிவ் என்று குறிக்கப்பட்ட இன்டர்ஃபேஸ் ஹலோ அனுப்பாது என்பது எல்லா இயங்குதளத்துக்கும் பொது.

ஓஎஸ்பிஎஃப் ஓடுகிறது, கம்பியில் ஹலோ வருவதும் தெரிகிறது, ஆனாலும் பட்டியல் காலி என்றால் இரண்டில் ஒன்று: ஹலோவின் மதிப்புகள் பொருந்தவில்லை, அல்லது ஃபயர்வால் விழுங்குகிறது.

டைமரை எடுத்துக்கொள்வோம். ஈதர்நெட்டில் ஹலோ 10 நொடி, டெட் 40 நொடி என்பது பொதுவான டிஃபால்ட். யாரும் தொடாதவரை சிக்கல் இல்லை. ஒருவர் ஐஓஎஸ்ஸில் ஹலோவை 5 ஆக்குகிறார். டெட் தானாக 20 ஆகிவிடுகிறது. கான்ஃபிக்கில் டெட் பற்றி ஒரு எழுத்து இருக்காது. எதிர்முனையில் இருப்பவரிடம் போனில் "ஹலோ அஞ்சு போடுங்க" என்று சொல்கிறார். அங்கே மைக்ரோடிக். அதில் ஹலோவும் டெட்டும் தனித்தனி மதிப்புகள், டெட் 40-லேயே நிற்கிறது. இரண்டு பேருமே "நான் 5 போட்டுட்டேன்" என்று சொல்வார்கள், இரண்டு பேரும் சொல்வது உண்மை. நெய்பர் மட்டும் வராது. ஆகவே டைமரை மாற்றினால் ஹலோ, டெட் இரண்டையும் இரண்டு முனையிலும் வெளிப்படையாக எழுதுங்கள்.

சிஸ்கோவில் இணைப்பின் வகையை மாற்றினாலும் டைமர் மாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்பிஎம்ஏ, பாயின்ட்-டு-மல்டிபாயின்ட் வகைகளுக்கு அங்கே 30-உம் 120-உம்.

ஆதென்டிகேஷனில் ஐஓஎஸ்ஸுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. எம்டி5 சாவியை இன்டர்ஃபேஸில் எழுதினால் மட்டும் போதாது. "ஐபி ஓஎஸ்பிஎஃப் ஆதென்டிகேஷன் மெசேஜ்-டைஜஸ்ட்" என்ற இன்னொரு வரியும் வேண்டும், அல்லது ஏரியா முழுவதற்கும் அதை இயக்கியிருக்க வேண்டும். சாவி இருக்கும், பூட்டு இருக்காது. ரவுட்டர் ஆதென்டிகேஷன் இல்லாத ஹலோவையே அனுப்பிக்கொண்டிருக்கும். ஜூனோஸில் சாவி எண், சாவி எல்லாம் ஒரே வரியில் முடிந்துவிடுவதால் அந்தப் பக்கத்து நண்பருக்கு இப்படி ஒரு இரண்டாவது வரி இருக்கும் என்றே தோன்றாது. கம்பியில் பார்த்தால் "ஆதென்டிகேஷன் டைப் நன்" என்று பச்சையாகத் தெரியும். சாவியின் எண்ணும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். எம்டி5 சாவி 16 பைட்டுக்கு மேல் போகாது. எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டும்போது ஐஓஎஸ்ஸில் சாவியின் வாலில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்தால் அதுவும் சாவியின் பகுதியாகிவிடும். கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சந்தேகம் வந்தால் சாவியை அழித்துவிட்டுக் கையால் தட்டச்சு செய்யுங்கள்.

இனிட்: ஒருவழிப் பேச்சு

இனிட் நிலையில் நிற்கும் நெய்பரைப் பார்த்ததும் பலரும் அந்த ரவுட்டரிலேயே குடைய ஆரம்பிப்பார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது. நம் ரவுட்டரில் இனிட் என்று தெரிந்தால், எதிர்முனையின் ஹலோ நமக்கு வருகிறது, நாம் ஏற்கிறோம், ஆனால் அந்த ஹலோவின் பட்டியலில் நம் பெயர் இல்லை. நம் ஹலோ அங்கே ஏற்கப்படவில்லை. இனிட் காட்டும் முனையை விட்டுவிட்டு எதிர்முனையில் தேடுங்கள்.

அங்கே என்ன இருக்கும்? ஜூனிபர் எஸ்ஆர்எக்ஸ் என்றால் செக்யூரிட்டி ஸோன். அந்த இன்டர்ஃபேஸ் இருக்கும் ஸோனில் "ஹோஸ்ட்-இன்பவுண்ட்-டிராஃபிக்" பகுதியில் ஓஎஸ்பிஎஃப்பை அனுமதிக்காவிட்டால் எஸ்ஆர்எக்ஸ் தன் ஹலோவை அனுப்பும், நம்முடையதைக் கேட்காது. இனிட்டுக்கு இதைவிடத் தெளிவான காரணம் கிடையாது. மற்ற ஜூனிபர் கருவிகளில் லூப்பேக் இன்டர்ஃபேஸில் ரவுட்டரின் மூளையைக் காக்கப் போட்ட ஃபில்டர் புரோட்டோக்கால் 89-ஐ மறந்திருக்கலாம். மைக்ரோடிக்கின் தொழிற்சாலை ஃபயர்வால், இன்புட் செயினில் லேன் பக்கத்திலிருந்து வராததைத் தள்ளிவிடும். அப்லிங்க் இன்டர்ஃபேஸில் ஓஎஸ்பிஎஃப் ஓட்டினால் அதற்கென்று ஒரு அனுமதி விதியை, தள்ளும் விதிக்கு மேலே சேர்க்க வேண்டும். லினக்ஸிலும் இதே கதை. டிசிபிடம்ப் பாக்கெட்டைக் காட்டுகிறதே என்று ஏமாறாதீர்கள். அது ஃபயர்வாலுக்கு முன்னால் நின்று பார்க்கிறது. கம்பியில் தெரிவது எல்லாம் ஓஎஸ்பிஎஃப் நிரலுக்குப் போய்ச் சேர்ந்ததாகப் பொருள் இல்லை.

முன்னே சொன்ன மாஸ்க் விலக்கு இங்கே வேலையைக் காட்டும். ஒரு முனை பாயின்ட்-டு-பாயின்ட், மறுமுனை பிராட்காஸ்ட், மாஸ்க் ஒன்றில் /30, மற்றதில் /29 என்று வையுங்கள். முதல் முனை மாஸ்க்கைப் பார்க்காமல் ஹலோவை ஏற்கும். இரண்டாவது பார்த்துவிட்டுத் தள்ளும். முதல் முனையில் இனிட், இரண்டாவதில் பட்டியல் காலி.

டூ-வே நிலையைப் பற்றி ஒரு வரி போதும். பல ரவுட்டர்கள் இருக்கும் ஒரே லேனில், டிஆரும் பிடிஆரும் அல்லாத இரண்டு ரவுட்டர்கள் டூ-வேயில் நிற்பது ஆரோக்கியமான நிலை, தொடாதீர்கள். இரண்டே ரவுட்டர்கள் இருக்கும் இணைப்பில் டூ-வே நின்றால் இரண்டிலும் பிரையாரிட்டி 0 இருக்கும்.

எக்ஸ்ஸ்டார்ட்: 14 பைட்டின் கதை

கலப்பு இணைப்பில் நான் அதிகம் சந்தித்த கோளாறு இதுதான், இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுப்போம்.

ஹலோவெல்லாம் முடிந்து இரண்டு ரவுட்டரும் தங்கள் டேட்டாபேஸின் அட்டவணையைப் பரிமாறிக்கொள்ளத் தொடங்கும் இடம் எக்ஸ்ஸ்டார்ட். யார் மாஸ்டர் என்று இங்கே முடிவாகும். ரவுட்டர் ஐடி பெரிதாக உள்ளவர் மாஸ்டர். இதற்காக அனுப்பும் டிபிடி பாக்கெட்டில் இன்டர்ஃபேஸின் எம்டியு எழுதப்பட்டிருக்கும். வந்த எண், தான் உடைக்காமல் ஏற்கக்கூடிய அளவை விடப் பெரிது என்றால் அந்தப் பாக்கெட்டை நிராகரிக்க வேண்டும் என்பது ஆர்எஃப்சியின் விதி. ஆக, நிராகரிப்பது எப்போதும் சிறிய எம்டியு உள்ள முனை. அது எக்ஸ்ஸ்டார்ட்டிலேயே நிற்கும். பெரிய எம்டியு உள்ள முனை எக்ஸ்சேஞ்ச் வரை போகலாம், எக்ஸ்ஸ்டார்ட்டிலேயே நிற்கவும் செய்யலாம். யாருடைய ரவுட்டர் ஐடி பெரிது என்பதைப் பொறுத்தது. ஐஓஎஸ் சிறிது நேரம் முயன்றுவிட்டு "டூ மெனி ரீடிரான்ஸ்மிஷன்ஸ்" என்று லாகில் எழுதி நெய்பரைக் கீழே இறக்கும், பிறகு மறுபடி தொடங்கும். இந்தச் சுழற்சியைக் கண்டாலே எம்டியுவை நினையுங்கள்.

எம்டியு ஏன் வேறுபடுகிறது? ஐஓஎஸ்ஸில் ஈதர்நெட் இன்டர்ஃபேஸின் எம்டியு 1500 என்றால் அது ஐபி பாக்கெட்டின் அளவு. ஜூனோஸில் அதே இன்டர்ஃபேஸ் 1514 என்று காட்டும், ஏனென்றால் அங்கே 14 பைட் ஈதர்நெட் தலைப்பகுதியையும் சேர்த்து எண்ணுகிறார்கள். ஐஓஎஸ் எக்ஸ்ஆரும் ஜூனோஸ் மாதிரியேதான் எண்ணும். ஒரே நிறுவனத்தின் இரண்டு இயங்குதளங்கள் இப்படி இரண்டு விதமாக எண்ணுவதைப் பலர் கவனிப்பதில்லை. யாரும் எதையும் தொடாதவரை இரண்டிலும் ஐபி அளவு 1500, நெய்பர் சேரும். ஜம்போ ஃபிரேம் வேண்டும் என்று முடிவெடுத்த நாளில்தான் வம்பு தொடங்கும்.

ஒரு நிறுவனத்தின் இரண்டு தரவு மையங்களுக்கு இடையே இதைச் செய்த இரவை நான் மறக்கவில்லை. மாற்றக் குறிப்பில் "எம்டியு 9000, இரு முனையும்" என்று ஒரே வரி. ஐஓஎஸ் பக்கம் 9000 எழுதினோம். ஜூனோஸ் பக்கத்திலும் 9000 எழுதினார்கள். குறிப்பின்படி இரண்டும் சரி. ஆனால் ஜூனோஸ் 9000-த்திலிருந்து 14-ஐக் கழித்து, ஐபிக்கு 8986 மட்டும் விட்டது. சிஸ்கோ 9000 என்று சொன்ன டிபிடியை ஜூனிபர் ஏற்க மறுத்தது. பிங் போனது, ஹலோ போனது, எக்ஸ்ஸ்டார்ட்டைத் தாண்டவில்லை. ஜூனோஸில் 9014 என்று மாற்றியதும் சில நொடிகளில் ஃபுல். அந்த இன்டர்ஃபேஸில் விலேன் டேக் இருந்தால் இன்னும் 4 பைட் சேர்த்து 9018. கணக்கை மனதில் போடுவதைவிட "ஷோ இன்டர்ஃபேசஸ்" காட்டும் வரிகளில் "புரோட்டோக்கால் ஐநெட்" என்று தொடங்கும் வரியில் உள்ள எம்டியுவைப் பாருங்கள். ரவுட்டரே கழித்துக் காட்டும் எண் அது, அதைத்தான் எதிர்முனையோடு ஒப்பிட வேண்டும்.

சோதனைக்கு பிங் பயன்படும், ஆனால் அதிலும் இதே குழப்பம் காத்திருக்கிறது. ஐஓஎஸ்ஸிலும் மைக்ரோடிக்கிலும் பிங்குக்குக் கொடுக்கும் அளவு முழு ஐபி பாக்கெட்டின் அளவு. ஜூனோஸிலும் லினக்ஸிலும் அது உள்ளே போகும் சரக்கின் அளவு மட்டும். ஐபி தலைப்பகுதி 20, ஐசிஎம்பி தலைப்பகுதி 8, ஆக 28 பைட் அதன்மேல் கூடும். எனவே 1500 எம்டியுவைச் சோதிக்க ஐஓஎஸ்ஸில் 1500 என்றும், லினக்ஸில் 1472 என்றும் கொடுக்க வேண்டும். உடைக்கக்கூடாது என்ற குறியையும் சேர்க்க மறக்காதீர்கள். அது இல்லாமல் பெரிய பிங் போய்விட்டது என்பது எதையும் நிரூபிக்காது. இரண்டு பக்கத்திலிருந்தும் அடித்துப் பாருங்கள், நடுவில் இருக்கும் சுவிட்ச் ஏதாவது ஜம்போவை விடாமல் இருக்கலாம்.

இந்த இடத்தில் யாராவது கட்டாயம் "எம்டியு-இக்னோர் போட்டுவிடு" என்று சொல்வார். ஐஓஎஸ்ஸிலும் எஃப்ஆர்ஆரிலும் அந்தக் கட்டளை உண்டு, போட்டதும் நெய்பர் ஃபுல் ஆகும், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். நான் அதைப் போடுவதில்லை, உங்களையும் போட வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். எம்டியு வேறுபாடு அப்படியே இருக்கிறது. ரவுட்டர் அதைச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டோம். இன்று டேட்டாபேஸ் சிறியது, அப்டேட் பாக்கெட்டுகளும் சிறியவை, போய்விடும். ஆறு மாதத்தில் நெட்வொர்க் வளர்ந்து பாக்கெட் முழு அளவுக்கு வரும்போது சிறிய முனையால் அதை வாங்க முடியாது. ஒரு லிங்க் விழுந்து எழும் நள்ளிரவில் நெய்பர் லோடிங்கில் மாட்டும். அப்போது இன்று நடந்தது யாருக்கும் நினைவிருக்காது. பயனர்களின் பெரிய பாக்கெட்டுகளும் அதற்குள் பல இடங்களில் தொலைந்திருக்கும்.

டனல்களில் இதே நோய் இன்னும் அதிகம். ஐஓஎஸ்ஸின் ஜிஆர்இ டனல் 1500-இலிருந்து 24 பைட்டைக் கழித்து 1476 எடுத்துக்கொள்ளும். எதிர்முனை என்ன எடுத்திருக்கிறது என்று ஊகிக்காமல், டனலின் இரு முனையிலும் ஒரே எண்ணைக் கையால் எழுதிவிடுங்கள். ஐபிசெக் மேல் போனால் 1400 என்பது பலரும் கடைப்பிடிக்கும் பாதுகாப்பான எண்.

எம்டியு சரியாக இருந்தும் எக்ஸ்ஸ்டார்ட் நின்றால் இரண்டு சந்தேகங்கள் மிச்சம். ஹலோ 224.0.0.5 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்குப் போகிறது. பிராட்காஸ்ட் இணைப்பில் டிபிடியோ நெய்பரின் சொந்த முகவரிக்கு யூனிகாஸ்ட்டாகப் போகும். மல்டிகாஸ்டை மட்டும் அனுமதித்து எழுதிய ஃபில்டர் ஹலோவை விடும், டிபிடியைத் தடுக்கும். இரண்டாவது சந்தேகம் ஒரே ரவுட்டர் ஐடி. ஒரு விர்ச்சுவல் ரவுட்டரை நகலெடுத்து இன்னொன்றை உருவாக்கும்போது ரவுட்டர் ஐடியும் நகலாகிவிடும். ஒவ்வொரு இயங்குதளமும் ரவுட்டர் ஐடியைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் முறை வேறு. ஐஓஎஸ் லூப்பேக் முகவரிகளில் பெரியதை எடுக்கும். எல்லாவற்றிலும் கையால் எழுதுவதே நல்லது. ஐஓஎஸ்ஸில் எழுதிய பிறகு ஓஎஸ்பிஎஃப் பிராசஸை மறுபடி தொடங்கினால்தான் புதிய ஐடி ஏறும். அது அந்த ரவுட்டரின் எல்லா நெய்பரையும் ஒரு முறை இறக்கும் என்பதால் பகலில் செய்யாதீர்கள்.

ஃபுல் வந்தும் ரூட் வராத விந்தை

நெய்பர் ஃபுல். டேட்டாபேஸில் எதிர்முனையின் எல்எஸ்ஏ எல்லாம் இருக்கிறது. ரவுட்டிங் டேபிளில் ஒரு வழிகூட ஏறவில்லை. முதன்முறை பார்ப்பவருக்கு இது ரவுட்டர் மென்பொருளின் பிழை என்றே தோன்றும்.

ஒரு முனை பிராட்காஸ்ட், மறுமுனை பாயின்ட்-டு-பாயின்ட் என்று இருப்பதுதான் காரணம். ஈதர்நெட்டில் இரண்டு வகைக்கும் டைமர் 10, 40 என்று ஒன்றே, அதனால் ஹலோவில் சண்டை வராது. ஃபுல் வரை தடையில்லாமல் போகும். ஆனால் பிராட்காஸ்ட் முனை தன் ரவுட்டர் எல்எஸ்ஏவில் "நான் ஒரு லேனில் இணைந்திருக்கிறேன், அதன் டிஆர் இன்னார்" என்று எழுதும். மறுமுனை "நான் இந்த ரவுட்டரோடு நேராக இணைந்திருக்கிறேன்" என்று எழுதும். எஸ்பிஎஃப் கணக்குப் போடும்போது ஒவ்வொரு இணைப்பும் திரும்பி வரும் திசையிலும் அதே வகையில் இருக்கிறதா என்று பார்க்கும். இரண்டு கூற்றும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை, வழி பாதியில் அறுகிறது. ஐஓஎஸ்ஸில் டேட்டாபேஸை விரித்துப் பார்த்தால் "அட்வர்டைசிங் ரவுட்டர் நாட் ரீச்சபிள்" என்ற பொருளில் ஒரு வரி தெரியும். அந்த வரியைக் கண்டால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

இரண்டே ரவுட்டர்கள் உள்ள ஈதர்நெட் இணைப்பில் இரண்டு பக்கமும் பாயின்ட்-டு-பாயின்ட் வைப்பது என் பழக்கம். டிஆர் தேர்தலுக்காகக் காத்திருக்கும் நேரம் மிச்சம். ஜூனோஸில் "இன்டர்ஃபேஸ்-டைப் பி2பி", ஐஓஎஸ்ஸிலும் எஃப்ஆர்ஆரிலும் "ஐபி ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க் பாயின்ட்-டு-பாயின்ட்", ரவுட்டர்ஓஎஸ் 7-இல் டெம்ப்ளேட்டில் "டைப் பிடிபி". ஒரு பக்கம் மட்டும் மாற்றிவிட்டு மறுபக்கத்தை நாளைக்கு என்று விட்டால் மேலே சொன்ன விந்தைக்கு நீங்களே விதை போட்டதாகும்.

வந்து வந்து போகும் நெய்பர்

ஃபுல் ஆகி, சில நிமிடத்தில் விழுந்து, மறுபடி எழும் நெய்பருக்கு முதலில் லாகைப் பாருங்கள். "டெட் டைமர் எக்ஸ்பயர்ட்" என்றால் ஹலோ தொலைகிறது. லிங்க்கின் பிழை எண்ணிக்கை, சிபியு சுமை, வயர்லெஸ் இணைப்பானால் சிக்னல் என்று போக வேண்டும். ஜிஆர்இ டனலில் இது நடந்தால், டனலின் எதிர்முனை முகவரிக்கான வழியையே டனல் வழியாக ஓஎஸ்பிஎஃப் கற்றுக்கொண்டுவிட்டதா என்று பாருங்கள். அப்படியானால் டனல் தன்னையே விழுங்கி விழும், விழுந்ததும் பழைய வழி திரும்பும், மறுபடி எழும்.

எம்டி5 இருக்கும் இணைப்பில் ரவுட்டர் ரீபூட் ஆன பிறகு மட்டும் நெய்பர் வரத் தாமதமானால், வரிசை எண்ணைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு வரிசை எண் இருக்கும், அது குறையக்கூடாது. சில மென்பொருள்கள் இந்த எண்ணைக் கடிகாரத்திலிருந்து எடுக்கின்றன. பேட்டரி இல்லாத போர்டு எழுந்ததும் கடிகாரம் பழைய தேதியில் நின்றால் எண் சிறிதாகும், எதிர்முனை தள்ளிவிடும். டெட் இடைவெளி கடந்து எதிர்முனை பழைய நெய்பரை மறந்ததும் தானே சரியாகும்.

வேலை முடிந்த பிறகு

ஃபுல் என்று கண்டதும் மடிக்கணினியை மூடாதீர்கள். இரண்டு முனையிலும் ரவுட்டிங் டேபிளில் எதிர்ப்பக்கத்து லூப்பேக் முகவரிக்கு வழி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முறை இணைப்பை இறக்கி ஏற்றுங்கள். கைவைத்து மாற்றிக்கொண்டிருந்தபோது சேர்ந்த நெய்பர், முதலிலிருந்து தொடங்கும்போதும் சேர வேண்டும். ஐஓஎஸ்ஸில் இயக்கிய டீபக்கை "அன்டீபக் ஆல்" கொடுத்து நிறுத்துங்கள், கான்ஃபிக்கைச் சேமியுங்கள். மைக்ரோடிக்கில் ஓடவிட்ட ஸ்னிஃபரையும், ஓஎஸ்பிஎஃப்புக்காகச் சேர்த்த டீபக் லாக் விதியையும் நீக்குங்கள்.

தொலைவிலிருந்து ஜூனோஸில் வேலை செய்தால் "கமிட் கன்ஃபர்ம்ட்" கொடுத்தே மாற்றியிருப்பீர்கள். நம் இணைப்பே அறுந்தாலும் ரவுட்டர் தானாகப் பழைய கான்ஃபிக்குக்குத் திரும்பும் என்பதால் அது நல்ல பழக்கம். எல்லாம் சரியென்று பார்த்த பிறகு இன்னொரு "கமிட்" கொடுத்து உறுதிப்படுத்த வேண்டும். நிமிடக் கணக்கு எதுவும் குறிப்பிடாவிட்டால் அதற்கு 10 நிமிடம் இருக்கிறது. கொடுக்க மறந்தால், நீங்கள் வாகனத்தைக் கிளப்பும் நேரத்தில் 9014 மறுபடி 9000 ஆகியிருக்கும்.